துவக்கு இல்லாத துவக்கு அண்ணை

கையில் துப்பாக்கியே இல்லாமல் துப்பாக்கி நிபுணராக விளங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் துவக்கு அண்ணை. வேறு யாராவது அந்தப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடினால் நம்பாதீர்கள், போலி!

யாழ்ப்பாணத்துக்காரர்கள் துப்பாக்கியைத் துவக்கு என்பார்கள். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்தில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில், அடுத்த தெருவில், தமிழ்க்கடையில், எங்கே கேட்டாலும் அவருக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயரை உபயோகித்தவர் தபால்காரர் ஒருவர் மட்டும்தான்.

நான் கோயம்புத்தூரிலிருந்து போன எஞ்சினியர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த தனிக்கட்டை. மூன்றாம் மாடியில் பெட்டியை இறக்கி வைத்த அன்றே, இரண்டாம் மாடியிலிருந்து ஏறி வந்தார். குட்டை உருவம், சோடாபுட்டிக் கண்ணாடி. வணக்கம் கூடச் சொல்லவில்லை. என் கதவைத் தட்டிப் பார்த்தார், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், குனிந்து சாவித் துவாரத்துக்குள் ஊதினார்.

“தம்பி, எத்தினை பூட்டு?”

“ஒண்ணுதாங்கண்ணா.”

“ஒண்டோ! அப்ப கதவை ஏன் பூட்டுறியள்? சும்மா சாத்தி வையுங்கோ. கள்ளனுக்கும் கை நோகாது.”

சொன்ன வேகத்தில் கீழே போய் இரண்டு பெரிய பூட்டும் துளைபோடும் மெஷினும் கொண்டு வந்தார். அரை மணி நேரத்தில் என் கதவுக்கு மூன்று பூட்டு. வீட்டுக்காரர் பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டேன். “மூண்டு பூட்டையும் திறந்து வந்தால்தானே பாப்பார்” என்றார்.

இந்தப் பூட்டுப் பைத்தியத்துக்குக் காரணம் இருந்தது. எதிர்க் கட்டடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம், யாரோ கதவை நெம்பி நகை முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அண்ணையின் மனைவி, நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், வீட்டில் தனியாக இருக்கப் பயந்தார். அண்ணைக்கு ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை. பாண் என்றால் நம் ரொட்டி. ஸ்டுட்கார்ட் மக்கள் காலையில் எழுந்ததும் கடிக்க வேண்டுமே, அதனால் அவர் விடிவதற்கு வெகு முன்னாலேயே கிளம்பிவிடுவார். பிள்ளைகள் இருவரும் வேறு ஊரில். அக்கா எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். காலை ஆறரைக்கு என் கதவு தட்டப்படும். கையில் டீயோடு அக்கா.

“சும்மா கூடப் போட்டிட்டன் தம்பி. குடியுங்கோ.”

தினமும் டீ கூடிப்போகாது. ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும், அதற்காகத்தான் அந்த டீ என்று மடையனான எனக்கே நாலாம் நாள் புரிந்துவிட்டது. அண்ணைக்கும் புரிந்துதான் இருந்தது. அதனால் அவர் எடுத்த முடிவுதான் துவக்கு!

ஜெர்மனியில் துப்பாக்கி வாங்குவது கத்தரிக்காய் வாங்குவது போலல்ல. சுடும் சங்கத்தில் சேர வேண்டும், ஒரு வருஷத்துக்குக் குறையாமல் போய்ச் சுட வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், பிறகு மனுப் போட வேண்டும். அண்ணை சேர்ந்தார். பரீட்சையில் சட்டம் முழுவதையும் வரி பிசகாமல் ஒப்பித்துப் பாஸானார். சுடுவதுதான் கொஞ்சம் தகராறு. மற்றவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதுத் தாள் மாட்டுவார்களாம். அண்ணைக்கு மட்டும் ஒரே குறித்தாள் ஒன்பது மாதம் ஓடியது. புள்ளி விழவில்லை.

இந்த நிலைமையில்தான், சங்கத்தின் மூத்த உறுப்பினர் கிளவுஸ் வைத்திருந்த ரிவால்வரை அவர் கண்டார். அன்று படியேறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

“தம்பி! கிளவுஸின்ர ரிவோல்வர் இருக்கெல்லோ, அது குண்டும் போடும், வேட்டைத் துவக்கின்ர தோட்டாவும் போடும்! ஒரே பானைக்குள்ள சோறும் காய்ச்சலாம், கூழும் காய்ச்சலாம். தோட்டா முழுக்கச் சன்னம், கடுகு மாதிரிச் சின்னச் சின்னக் குண்டு. குறி பாக்கத் தேவையில்லை. அந்தப் பக்கமாக் காட்டினாப் போதும். ஒண்டு தப்பினா ஒண்டு படும்!”

குறி தப்புகிறவருக்கென்றே கடவுள் செய்து அனுப்பிய சாமான். அதே மாதிரி ஒன்று தனக்கும் வேண்டும் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். அக்கா அப்போதே வாசலில் வந்து நின்றார்.

“துவக்குக்குப் பயந்துதானே தம்பி இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். இப்ப இவர் அதைக் காசு குடுத்து வாங்கி, அறைக்குள்ள கொண்டு வந்து வைக்கப்போறாராம். கேளுங்கோ கதையை.”

அண்ணை காதில் வாங்கவில்லை. மனுப் போடும் முன்னால் துப்பாக்கி வைக்க இரும்புப் பெட்டி இருக்கிறதென்று காட்ட வேண்டும். பெட்டி வந்தது. லிஃப்ட் கிடையாது. அந்தப் பெட்டியை இரண்டு மாடி தூக்கியதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் ஆஃபீஸில் எல்லாருக்கும் ஜப்பான்காரன் மாதிரி குனிந்தே வணக்கம் வைத்தேன். குதிரை வருவதற்கு முன்னால் லாயம் வந்துவிட்டது.

பெட்டி வந்த சனிக்கிழமை மத்தியானமே ஒத்திகை! ரிவால்வர் இல்லாத குறைக்கு, அக்காவின் இடியப்ப உரலை, அதாவது இடியப்பம் பிழியும் மர அச்சை, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நான்தான் திருடன். அக்கா மணி பார்ப்பவர். நான் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் அண்ணை சோபாவிலிருந்து பாய்ந்தார். கண்ணாடியைக் காணோம். தடவி எடுத்து மாட்டினார். பெட்டியின் எண்களை அமுக்கினார். தப்பு. மறுபடி அமுக்கினார். தப்பு. மூன்றாவது தப்புக்குப் பெட்டி கோபித்துக்கொண்டு கீச்சென்று கத்திவிட்டு, ஐந்து நிமிஷத்துக்குத் திறக்க மாட்டேன் என்றது.

திருடன் சும்மா நிற்கிறானே என்று அக்கா ஒரு தட்டில், உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த ரோல்ஸ் கொண்டு வந்து கொடுத்தார். அதை மட்டும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் கையால் சாப்பிட வேண்டும், ஐயா! நான் மூன்றாவது ரோல்ஸை முடித்துக் கை கழுவும்போது பெட்டி திறந்தது. அண்ணை இடியப்ப உரலை என் நெஞ்சுக்கு நேரே நீட்டி, “அசையாதை!” என்றார்.

“கள்ளன் சாப்பிட்டிட்டுக் கையும் கழுவிட்டான்” என்றார் அக்கா. பிறகு சிரிப்பை நிறுத்தி, மெல்லக் கேட்டார். “இதெல்லாம் நீங்கள் வீட்டில நிக்கேக்க. நீங்கள் வேலையில நிக்கேக்க என்ன செய்யிறது? அந்த நம்பரை எனக்குச் சொல்ல ஏலுமோ?”

ஏலாது. லைசென்ஸ் உள்ளவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த எண் தெரியக் கூடாதென்பது சட்டம். சட்டத்தை வரி பிசகாமல் படித்தவருக்கு அது தெரியாதா? அண்ணை உரலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “அதுக்கும் ஒரு வழி இருக்கும்” என்றார். எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, சங்கத்தின் திறந்த மைதானத்தில் கிளவுஸ் தன் ரிவால்வரை அண்ணை கையில் கொடுத்தார். நானும் போயிருந்தேன். காதுக்கு மூடி போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். பத்தடி தூரத்தில் ஆள் உருவம் வரைந்த பெரிய தாள். அண்ணை மூச்சைப் பிடித்தார். டமார்! கை மேலே போய்த் தொப்பி கீழே விழுந்தது. தாள் முழுக்கப் பொத்தல்! ஒன்பது மாதமாகக் கன்னி கழியாத தாளைப் பார்த்துப் பழகிய சங்கம் முழுக்கக் கைதட்டியது. அண்ணை குதித்துக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன்.

தாளைச் சுற்றிலும் பொத்தல். தலைக்கு மேலே பொத்தல், இரண்டு பக்கமும் பொத்தல், காலடியில் பொத்தல். நடுவில் நின்ற ஆள் மேல் ஒரு கீறல் இல்லை! யாரோ அவனுக்குப் புள்ளி வைத்துக் கோலம் போட்டு, நடுவில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தான். கிளவுஸ் விளக்கினார். ரிவால்வரின் குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் புரி இருக்கிறதாம். அது சன்னத்தையும் சுழற்றி வெளிப்பக்கமாக வீசிவிடுமாம். நடுவில் ஓட்டை விழுமாம்.

அண்ணை அசரவில்லை. “அதுக்கென்ன, கள்ளன் கரையால வந்தாச் சரி” என்றார். தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தார். அக்கா விரித்துப் பார்த்துவிட்டு, “கள்ளனுக்கு நல்ல பாதுகாப்பு” என்று சொல்லிச் சமையலறைக்குப் போனார்.

கடைசியில் துப்பாக்கி லைசென்ஸ் அலுவலகத்தில் டெர்மீன், அதாவது அதிகாரியைப் பார்க்க நாளும் நேரமும், கிடைத்தது. ஜெர்மனியில் டெர்மீன் கிடைப்பதென்றால் திருப்பதியில் சிறப்புத் தரிசனம் கிடைத்த மாதிரி. சங்கத்தில் எல்லாரும் அண்ணைக்கு ஒன்றைத்தான் சொல்லி அனுப்பினார்கள். என்ன கேட்டாலும் ‘விளையாட்டுக்காக’ என்று சொல்ல வேண்டும். ‘திருடன்’, ‘தற்காப்பு’ என்ற வார்த்தைகள் வாயிலிருந்து விழுந்தால் மனு அன்றோடு சமாதி.

“தம்பி, நீங்களும் வாங்கோ. நான் வாய் தடுமாறினா மேசைக்குக் கீழ என்ர காலை மிதியுங்கோ” என்றார். அண்ணையின் ஜெர்மன் என்னுடையதைவிடப் பத்து மடங்கு உசத்தி. எனக்கு அங்கே மிதிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. சிரித்த முகம். பேசியது ஜெர்மனில்; தமிழில் தருகிறேன். எதற்காக இந்த ரிவால்வர் என்று கேட்டார்.

“விளையாட்டுக்காக.”

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

“மனைவி. விளையாட்டுக்காக.”

இவ்வளவு ஒழுங்காகப் போகிறதே என்று நான் காலைத் தளர்த்தி உட்கார்ந்தேன். அந்த அம்மாள் ஏதோ காகிதத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. “மன்னிக்கவும், இன்றைக்கு என் மனசே சரியில்லை. தனியாக இருக்கும் என் அம்மா வீட்டில் போன வாரம் திருடன் புகுந்துவிட்டான்” என்றார்.

அண்ணையின் முகம் மாறியது. ஆபத்து! நான் மிதித்தேன்.

“தாய் தனியவோ இருக்கிறா?” என்று முன்னால் குனிந்தார் அண்ணை. ஓங்கி மிதித்தேன். “வயசு என்ன? எத்தினையாம் மாடி? எத்தினை பூட்டு?” இரண்டு காலாலும் மிதித்தேன். ஒரு அசைவும் இல்லை. குனிந்து பார்த்தேன். பாவி மனுஷன்! டெர்மீனுக்கு மரியாதையாகப் போக வேண்டுமென்று, தன்னிடமிருந்த ஷூக்களில் மிக நல்லதைப் பளபளவென்று துடைத்துப் போட்டு வந்திருந்தார். அது தொழிற்சாலை ஷூ. முன்னால் இரும்புக் கவசம் வைத்தது. நான் யானையாக இருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

அதற்குள் அண்ணை எழுந்தே விட்டார். குண்டைவிடத் தோட்டா ஏன் உசத்தி, திருடன் எந்தப் பக்கமாக வந்தால் எப்படி நீட்ட வேண்டும், தன் மனைவி ஏன் நாற்காலியில் உட்கார்ந்தே விடிய வைக்கிறாள், எல்லாவற்றையும் கைகளை வீசி நடித்துக் காட்டினார். அந்த அம்மாள் வாயைப் பிளந்து கேட்டார். முடிந்ததும் மெதுவாகக் கோப்பை மூடினார்.

“நீங்கள் நல்ல மனிதர். ஆனால் இதற்காக நான் அனுமதி கொடுக்க முடியாது. மனுவை நீங்களாகவே திரும்பப் பெற்றுக்கொண்டால் நல்லது.”

அண்ணை தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். ஒரு வருஷ உழைப்பு ஒரு நிமிஷத்தில் போயிற்று. போனவர் சும்மா எழுந்து வந்தாரா? அந்த அம்மாளிடம் ஒரு காகிதம் கேட்டு வாங்கி, அவர் அம்மாவின் கதவுக்கு எந்தப் பூட்டை எந்த உயரத்தில் போட வேண்டுமென்று படம் வரைந்து கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

திரும்பி வரும் டிராமில், நான் மிதித்த ஷூவைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார். மூன்று ஸ்டாப் கழித்துச் சொன்னார். “ஒரு தாய் தனிய இருக்கிறா எண்டேக்க, விளையாட்டு எண்டு சொல்ல வாய் வரேல்லைத் தம்பி.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அக்கா துப்பாக்கியா கேட்டாங்க? நீங்க வீட்ல இருந்தா போதும்ங்கறாங்க. உங்க மேனேஜர்கிட்ட பகல் ஷிஃப்ட் கேட்டுப் பாத்தீங்களா?”

அவருடைய கிட்னியைக் கேட்ட மாதிரி பார்த்தார். “இருவது வருசமா நான் அந்தாளிட்ட ஒண்டும் கேட்டதில்லைத் தம்பி. லீவு கூடக் கேட்டதில்லை. எப்பிடிக் கேக்கிறது?”

பாருங்கள் கூத்தை! டமார் என்று வெடிக்கும் சாமானைக் கையில் பிடிக்கிற மனிதருக்கு, ஒரு வாக்கியம் கேட்கப் பயம். அந்த ஞாயிறு மறுபடியும் ஒத்திகை. நான் மேனேஜர், அக்கா மணி பார்ப்பவர். பதினோராவது தடவைதான் நடுங்காமல் கேட்டார். புதன்கிழமை தொழிற்சாலையில் நிஜமாகவே கேட்டும் விட்டார். “அடுத்த வாரத்திலிருந்து வா” என்றாராம் மேனேஜர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு என் கதவு தட்டப்படவில்லை. ஏழு வரை காத்திருந்தேன். கீழே இறங்கிப் போய்க் காது கொடுத்துக் கேட்டேன். “சீனி காணாது” என்று அண்ணையின் குரல், “இவ்வளவுதான் தருவன்” என்று அக்காவின் குரல். டீ வராததற்காக என் வாழ்நாளில் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான். நானே போட்டுக் குடித்தேன். மகா மட்டமாக இருந்தது.

அந்த இரும்புப் பெட்டி இப்போதும் இருக்கிறது. அண்ணைக்குச் சர்க்கரை வியாதி. அக்கா பயற்றம் பணியாரத்தையும் லட்டையும் அதில் வைத்துப் பூட்டியிருக்கிறார். பெட்டியின் நம்பரை மாற்றிவிட்டார். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். பொத்தல் தாள் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. நடுவில் அந்த ஆள் சௌக்கியமாக நிற்கிறான்.

நான் வேலை மாறிப் பிராங்பேர்ட் வந்து இரண்டு வருஷமாகிறது. இங்கேயும் தனி வீடு, தனி ஆள், மூன்று பூட்டு. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஃபோன் அடிக்கும்.

“தம்பி, கதவு பூட்டிட்டியளோ?”

மூன்று பூட்டையும் ஆறரைக்கே பூட்டியிருப்பேன். ஆனாலும், “அடடா, மறந்துட்டேங்கண்ணா” என்றுதான் சொல்வேன். அப்போதுதான் ஒரு பத்து நிமிஷம் திட்டுவார்.