குழுவில் ஆறாவது ஆள்

செல்போன் குழுவில் இருந்தவர்கள் ஐந்து பேர். பெரியவள், அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி, தையல் கடை வைத்திருக்கும் தம்பி மனைவி, மழலையர் பள்ளியில் டீச்சராக இருக்கும் கடைசித் தங்கை. இல்லாதவர், பெரியவள் வீட்டில் இருக்கும் அப்பா. அவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குழுவே.

அப்படியிருக்க, குழு தொடங்கிய பத்தாம் நாள் காலை அப்பா சொன்னார்: "வியாழக்கிழமை ஸ்கேனுக்கு அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து வைம்மா. மத்ததெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு."

பெரியவள் திடுக்கிட்டாள். வியாழக்கிழமை ஸ்கேன் என்பது குழுவில் மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது.

"யாருப்பா சொன்னது?"

"யார் சொன்னா என்ன? வியாழக்கிழமைதானே?"

ஆறு மாதம், மிஞ்சிப்போனால் எட்டு என்று டாக்டர் பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "அவருக்குத் தெரிய வேணாம். அல்சர்னு சொல்லிக்கலாம். பிள்ளைங்க எல்லாம் கலந்து பேசிக்குங்க."

கலந்து பேசுவதுதான் கஷ்டம். அம்மா செத்த அன்று யார் பிந்தி வந்தார்கள் என்று ஆரம்பித்த சண்டையில், மூன்று வருடமாக மூன்று பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறு வழியில்லாமல்தான் பெரியவள் செல்போனில் அந்த மெசேஜ் குழுவைத் தொடங்கினாள். முதலில் மாத்திரை, ரிப்போர்ட் என்று ஒழுங்காகப் போனது. பிறகு வேண்டாத பேச்சும் சேர்ந்தது. "சாப்பிட்டியா வாத்து?" என்று தம்பி தங்கையைப் பழைய பட்டப்பெயரில் கேட்டான். அவள் பதிலுக்கு ஏழு வாத்துப் படங்கள் அனுப்பினாள். விஷயத்துக்குச் சம்பந்தமில்லை என்று பெரியவள் ஏழையும் அழித்தாள்.

அவள் நகராட்சி அலுவலகத்தில் ஆவண அறைக்குப் பொறுப்பு. இருபத்தாறு வருடத்தில் அவள் அறையிலிருந்து ஒரு தாள் வெளியே போனதில்லை. வேண்டுமென்று கேட்டவர்களுக்கும் கிடைத்ததில்லை.

அன்றே குழுவின் செய்திகளெல்லாம் இருபத்து நான்கு மணி நேரத்தில் தானாக அழியும்படி மாற்றினாள். அழிந்தன. ஸ்கேன் எத்தனை மணிக்கு என்பதும் சேர்ந்து அழிந்தது. காலை ஒன்பதுக்கு வண்டியோடு வரவேண்டிய தம்பி மாலை நாலுக்கு வந்தான். பெரியவள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, அப்பா வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள்.

"பரவால்லடா," என்றார் அப்பா தம்பியிடம். "அல்சர்தானே, எங்க ஓடிடப் போகுது?"

அல்சர் என்று அவரிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பெரியவளுக்குத் தம்பி மனைவி மேல் சந்தேகம் வந்தது. கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவள். ஒரு வார்த்தை சொல்லாமல் அவளைக் குழுவிலிருந்து நீக்கினாள். பத்து நிமிடத்தில் தம்பி கூப்பிட்டான்.

"என் பொண்டாட்டியை ஏன்க்கா தூக்கினே?"

"பாதுகாப்புக்குடா. எங்கேயோ கசியுது."

"ஊசி நூலோட வந்து உன் போனைக் கிழிச்சுத் தெச்சிட்டாளா?"

"கோவப்படாதே. உனக்கும்தான் சொல்றேன், வீட்ல போனைக் கண்ட இடத்துல வெக்காதே."

"அப்ப நானும் கசியறேன். ஆளை விடு."

அவன் தானாகவே வெளியேறினான்.

அடுத்தது கணவர். யாராலும் ஊகிக்க முடியாத ரகசிய எண் ஒன்றைப் போடச் சொன்னாள். போட்டார். இரண்டு நாள் கழித்துச் செயலி அதைக் கேட்டபோது அவராலும் ஊகிக்க முடியவில்லை. ஏழு நாள் வெளியே நிற்கச் சொல்லிவிட்டது.

"எழுதி வெச்சிருக்கக் கூடாதா?"

"எழுதக் கூடாதுன்னே. பிறந்த தேதி கூடாதுன்னே, கல்யாணத் தேதி கூடாதுன்னே. எனக்குத் தெரிஞ்சதே அந்த ரெண்டு நம்பர்தான்."

மிச்சம் தங்கை. 'எழுதுவது நீதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?' என்று பெரியவள் அவளுக்கு எழுதினாள். 'போன் வேறு யார் கையிலாவது இருக்கலாம். அம்மாவுக்கு எந்தப் பக்கம் பல் விழுந்திருந்தது, சொல்.'

பதில் வந்தது.

'இடது பக்கம், மேலே. அம்மா கடைசியாகச் சிரித்தபோது பார்த்தேன். நீ ஆபீசில் இருந்தாய்.'

அதற்குக் கீழே, தங்கை வெளியேறிவிட்டதாகச் செயலி ஒரு வரி காட்டியது.

இப்போது குழு முழுப் பாதுகாப்பில் இருந்தது. உறுப்பினர் ஒருவர். 'மாத்திரை மாற்றியாச்சு' என்று பெரியவள் எழுதினாள். யாரும் படிக்கவில்லை. மறுநாள் அதுவும் அழிந்தது.

அன்று மாலை அப்பாவுக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஒருத்தரும் பேசறதில்லையா?" என்றார் அவர்.

அவள் கை நின்றது. ஒரே ஆள் இருக்கிற குழுவிலிருந்தும் கசிகிறது.

"யாருப்பா? யாரைக் கேக்கறீங்க?"

"யாரையுமில்ல. சும்மா கேட்டேன்." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகெலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது.

வாசலில் சிஸ்டர் வீட்டுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் போய் வழியை மறித்தாள்.

"நீதானே? என் போனைப் பார்த்துட்டு அவர்கிட்ட சொல்றது நீதானே?"

"உங்க போனை நான் தொட்டதுகூட இல்லக்கா."

"அப்ப எப்படி அவருக்கு எல்லாம் தெரியுது? இந்த வீட்ல வேற யார் இருக்கா?"

சிஸ்டர் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்னு ஐயாவுக்கு சத்தியம் பண்ணியிருக்கேன்க்கா, ஆனா இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. டாக்டர் முதல்ல சொன்னதே ஐயாகிட்டதான். 'எனக்குத் தெரியாதுன்னு சொல்லி என் பெரிய பொண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, எங்கிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணு இருந்தாத்தான் என் பிள்ளைங்க மூணும் ஒண்ணாப் பேசும்'னு அவர்தான் டாக்டரைக் கெஞ்சிக் கேட்டாரு."

சிஸ்டர் படியிறங்கிப் போனாள். பெரியவள் கதவைச் சாத்தி, பூட்டினாள்.