நின்ற காரும் நேரில் கண்ட சாட்சியும்

இனி புஷ்ராவிடம் பொய் சொல்வதென்றால் சாட்சியோடுதான் சொல்வது என்று முடிவெடுத்தேன். சாட்சியில்லாத என் பொய்கள் எதுவும் எங்கள் வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை.

விஷயம் இதுதான். கார் வாங்கிய அன்றே என் மனைவி புஷ்ராவுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம். யார் முதலில் எங்கேயாவது இடிக்கிறார்களோ, அவர் அடுத்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சாவியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. நான் திருப்பிய பக்கம் திரும்புவது என் குடும்பத்தில் அந்த ஸ்டீயரிங் ஒன்றுதான்.

நேற்று லஸ் முனை சிக்னலில், தாடிக்கு அடித்த டை சரியாக ஏறியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தும் முன்னால் நின்ற ஆட்டோ நகரவில்லை. ஹாரனை அழுத்தினேன். பதற்றத்தில் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அழுத்திவிட்டேன்.

டமார்! ஆட்டோவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. என் பம்பர் மட்டும் பொக்கை வாயாகிவிட்டது.

"இன்னா பாய், வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று இறங்கினார் ஆட்டோக்காரர் வேலு.

அதற்குள் கூட்டம் கூடித் தீர்ப்பும் சொல்லிவிட்டது. பெரிய வண்டிமேல்தான் தப்பு. மெட்ராஸில் அதற்கு அப்பீலே கிடையாது. டிராஃபிக் போலீஸ்காரர் வந்தார்.

"கம்ப்ளெயின்ட் குடுக்கறீங்களா, பேசி முடிச்சுக்கறீங்களா? சீக்கிரம், பின்னாடி பஸ் நிக்குது."

"சார், என்ன வேணா பண்ணுங்க. என் வீட்டுக்கு மட்டும் தெரிய வேணாம்."

போலீஸ்காரர் என்னை உற்றுப் பார்த்தார். அவரும் கல்யாணமானவர் போலிருக்கிறது. "ஓரமா போய்ப் பேசுங்க" என்று கனிவோடு அனுப்பிவைத்தார்.

ஓரமாகப் போய் வேலுவிடம் திட்டத்தை விளக்கினேன்.

"நிறுத்தி வச்சிருந்த கார்ல நீங்கதான் இடிச்சீங்க. நான் டீக்கடைல இருந்தேன். இத என் வீட்ல வந்து சொல்லணும்."

"நா ஏன் பாய் சொல்லணும்?"

"இல்லன்னா கார் சாவி பொண்டாட்டி கைக்குப் போயிடும்!"

என் முகத்தைப் பார்த்ததும் வேலு இளகிவிட்டார். "நம்ம வூட்லயும் ஒண்ணு கீது பாய். வா, போலாம்."

எங்கள் மந்தைவெளி வீட்டு வாசலில் புஷ்ராவின் முன் கைகட்டி நின்று பிரமாதமாக நடித்தார்.

"தப்பு என்துதான்க்கா. பாய் டீ குடிச்சிக்கினு இருந்தாரு. வண்டி அது பாட்டுக்கு ஓரமா நின்னுக்கினு இருந்திச்சு. நான்தான் ரிவர்ஸ்ல வந்து இட்ச்சிட்டேன்."

"பின்னாடி கார் நிக்கறது தெரியலையாண்ணே?"

"அதெப்டிக்கா தெரியாம பூடும்? பாய்தான் ஹாரன அமுக்கிக்கினே இருந்தாரே!"

புஷ்ரா சிரிக்கவே இல்லை. உள்ளே போய் வேலுவுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"பாவங்க நீங்க" என்றாள் என்னிடம். "உங்கமேல ஒரு தப்பும் இல்ல. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஜெயித்துவிட்டேன்! வேலுவைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

"ஆனா ஓரமா நிறுத்தினா இடிக்கறாங்கல்ல? உங்க ஆபீஸ்லயும் ரோட்டோரமாத்தானே நிறுத்தறீங்க? இனிமே நிறுத்தவே வேணாம். காலைல உங்கள அடையாறு ஆபீஸ்ல இறக்கிட்டு, வண்டிய நான் கொண்டாந்துடறேன். என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு."

"அப்ப சாயங்காலம் நான் எப்படி வர்றது?"

"இந்த அண்ணன் ஆட்டோல வாங்க. அவர் நிக்கற வண்டியத்தானே இடிப்பாரு? உள்ள உக்காந்திருந்தா பயமில்ல."

மறுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் இந்தச் சாவியும் போய்விடும். சட்டைப் பையிலிருந்த சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

வேலு டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "எத்தினி மணிக்கு வரணும் பாய்?"