எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி

"அறுபதாம் பக்கத்துல பக்கத்து வூட்டு பேப்பரைப் படிச்சிட்டு, மடிச்சு வச்சிடற ஆளு நான்தானே?" என்று புத்தகமும் கையுமாக வந்து நின்றார் குடியிருப்புச் செயலாளர் கேசவன்.

ஊரப்பாக்கத்து அடுக்குமாடி ஒன்றை வைத்து தமிழ்ச்செல்வி எழுதிய முதல் நாவல் போன வாரம்தான் வெளிவந்திருந்தது.

"நீங்க இல்ல சார். மூணாவது மாடி தர்மராஜ் சார்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

அரை மணி நேரத்தில் தர்மராஜ் வந்துவிட்டார். "இன்னாம்மா, நான் பேப்பர் திருடனா?"

வேறு வழியில்லாமல் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: 'நாவலில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர்கூட இல்லை.'

அதற்குப் பேசாமல் இருந்திருக்கலாம்.

"எட்டு வருஷமா எதிர் வூட்டுல கீறேன். என்னை எழுத உனுக்கு மனசு வரலியா?" என்று கண் கலங்கினாள் சுஜாதா.

"அடுத்த புக்குல நீங்கதான்க்கா" என்று அவளைத் தேற்றினாள். மறுநாள், அடுத்த புத்தகத்தில் இடம் கேட்டுப் பாதிக் குடியிருப்பு வாசலில் நின்றது.

உண்மையில் நாவலில் ஒரே ஒருத்தர்தான் நிஜம். தினமும் காலையில் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து, "இன்னாடி, அதுக்குள்ள இம்மாம் லேசாயிடுச்சு?" என்று கேட்கும் மாமியார் ஆராயி.

"இந்த புக்கு அம்மா கண்ணுல பட்டுச்சுன்னா, வூடு ரெண்டாயிடும்" என்றான் கணவன் மணி. தன் பிரதியை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தாள் தமிழ்ச்செல்வி.

அந்த நேரம் பார்த்துப் பதிப்பாளர் போன் செய்தார். "மேடம், நீங்க பெஸ்ட்செல்லர். மொத்தமும் ஊரப்பாக்கத்துலயே போயிருச்சு. ஞாயித்துக்கிழமை மாமல்லபுரத்துல பாராட்டு விழா."

தமிழ்ச்செல்விக்குத் தலைகால் புரியவில்லை. நான் பெஸ்ட்செல்லரா! கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தபோது பின்னால் ஆராயி நின்றுகொண்டிருந்தாள்.

"ஆபீஸ் மீட்டிங் அத்தே, மாமல்லபுரத்துல" என்று சமாளித்தாள்.

"கடலாண்டயா? நானும் வரேன். இந்த வூட்ல அடைஞ்சு கெடந்து பேஜாராயிடுச்சு."

ஞாயிறன்று பட்டுப்புடவையோடு ஆராயி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் யாராவது கதையைச் சொல்லிவிட்டால் என்ன ஆவது? தமிழ்ச்செல்விக்குக் கடற்காற்றிலும் வியர்த்துக் கொட்டியது. அப்போது ஊரப்பாக்கம் புத்தகக் கடைக்காரர் ஆல்வின் பொன்னாடையோடு எழுந்தார். அவளைத் தாண்டிப் போய் ஆராயியின் தோளில் அதைப் போர்த்தினார்.

பதறியடித்து ஓடினாள் தமிழ்ச்செல்வி. "அண்ணே, எழுதினது நானு."

"தெரியும் தங்கச்சி. வித்தது இவங்களாச்சே. வூடு வூடா போயி, 'உன்னைத்தான் எழுதிகீறா, வாங்கிப் பாரு'ன்னு சொல்லினு வந்தாங்க" என்ற ஆல்வின், குரலைத் தாழ்த்தினார். "ஆனா, 'அந்த மாமியாரு மட்டும் நான்தான், வேற எவளாவது சொந்தம் கொண்டாடினா சும்மா வுடமாட்டேன்'னு என்னாண்ட கண்டிசனா சொல்லிட்டாங்க."