செய்யாத குற்றம் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்த விவரம்

ஸ்ரீரங்கம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை

மயிலாடுதுறையில் எழுந்தருளியிருக்கும் மாதவன் அத்திம்பேர் திருவடிகளில் அடியேன் ஸௌம்யநாராயணன் தண்டன் சமர்ப்பித்துச் செய்துகொள்ளும் விண்ணப்பம். பெரிய பெருமாள் கிருபையால் இங்கே அனைவரும் க்ஷேமம், அடியேன் ஒருவனைத் தவிர. இக்கடிதத்தை அக்காவின் காதுபட வாசிக்க வேண்டாம். அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறும். உடனே தொலைபேசியில் அழைப்பாள். பிறகு எனக்கு ஏறும்.

அரியமங்கலத்தில் நஸ்ருல்லா பாயின் இரும்புப் பட்டறையில் முப்பத்தோராண்டுகளாக ஸ்டோர் பொறுப்பு அடியேனுடையது என்பதைத் தேவரீர் அறிவீர். மூன்றாண்டுகளுக்கு முன் பட்டறைக்கு ஆர்டர் தரும் பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட் செய்ய வந்தவர்கள், ஸ்டோர் பொறுப்பாளர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். "சாமி, நீங்க இல்லாம இங்க எனக்கு ஒரு போல்ட்டு அகப்படாது. மூணு வருஷம் டைம் கேட்டு வாங்கியிருக்கேன். அதுக்குள்ள ஒரு டிகிரியப் போட்டுடுங்க" என்றார் பாய். ஆக, ஐம்பத்து நான்காம் வயதில் இணையவழி பி.காம். சேர்ந்தேன். காதில் வகுப்பு, கையில் நட்டு, சுற்றிலும் லேத்து இரைச்சல். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்து, "இருபது எம்.எம். வாஷர் நூறு எடுத்துக்கோப்பா" என்று குரல் கொடுத்தேன். வகுப்பில் மூன்று பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதாகப் பிற்பாடு தெரிந்தது.

இப்படியே மூன்றாண்டு ஓடி, கடைசித் தேர்வு சென்ற ஞாயிறன்று வந்தது. வீட்டிலிருந்தே எழுதலாம்; ஆனால் கணினியின் கேமரா நம்மை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். எக்காரியத்தையும் ஆசாரியனை நினைக்காமல் தொடங்குவது நம் வழக்கமா? ஆசாரியனைத் துதிக்கும் தனியன் சுலோகத்தை முணுமுணுத்தேன். 'உதடுகள் அசைகின்றன' என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. உடனே கண்ணை மூடிப் பெருமாளை வேண்டினேன். 'பார்வை திரையில் இல்லை' என்று இரண்டாவது வந்தது. கோபுரம் இருக்கும் திசை நோக்கித் திரும்பிக் கைகூப்பியதுதான் தாமதம், மூன்றாவதும் வந்துவிட்டது. வேண்ட வேண்ட ஆபத்து வளர்வதை அன்றுதான் கண்டேன்.

மறுநாளே மின்னஞ்சல். வேறொருவருடன் உரையாடி விடை எழுதியதாகச் சந்தேகமாம். இரண்டு நாளில் விளக்கம் தராவிட்டால் தேர்வே ரத்தாம். பெரியோருக்கு எழுதும் முறைப்படிதான் விளக்கம் எழுதினேன்: 'அடியேன் பிழைகளே வடிவானவன். செய்யாத குற்றம் ஒன்று உண்டோ என்று தேடினாலும் அகப்படவில்லை. தகுதி சிறிதுமற்ற இந்த நீசனைத் தங்கள் தயை ஒன்றே காக்க வேண்டும்.' ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: 'தங்கள் ஒப்புதல் வாக்குமூலம் பெறப்பட்டது. முந்தைய ஐந்து பருவத் தேர்வுகளில் செய்த குற்றங்களையும் தனித்தனியே பட்டியலிட்டு அனுப்பவும்.'

மகள் சுபஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா! இது நைச்சியம்னு அவாளுக்கு எப்படிப்பா தெரியும்? விளக்கம் கேட்டா விளக்கம் சொல்லணும். சரணாகதியா பண்ணுவா?"

"பெரியவாளுக்கு எழுதறச்சே நம்மளத் தாழ்த்திக்காம வேற எப்படிடீ எழுதறது?"

"'நான் தப்பு பண்ணலை, இப்படிக்கு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். முடிஞ்சுது!"

அன்று முதல் அடியேனுக்கு அன்னம் இறங்கவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் யாரையோ நோக்கிக் காவலர் விசில் ஊத, அடியேன் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். "என்ன சாமி, பாஸ்தானே?" என்று பாய் பிரியமாகக் கேட்கிறார், கையிலிருக்கும் டப்பா தானே விழுகிறது. மார்ச்சுக்குள் பட்டம் காட்டாவிட்டால் அந்த நாற்காலி வேறொருவருக்கு. ஐம்பத்தேழு வயதில் அடியேனை எவர் சேர்ப்பார்?

ஆகவே, தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தேவரீர் ஒரு சான்றிதழ் அருள வேண்டும். தன்னைத் தாழ்த்திச் சொல்வது எங்கள் சம்பிரதாயம், குற்ற ஒப்புதல் அன்று என்று எழுத வேண்டும். பள்ளி விடுப்புக் கடிதத்தைக்கூடப் பிறரைக்கொண்டு எழுதுவித்தவன் அல்லன் இவன் என்பதையும் அழுத்தமாகச் சேர்க்க வேண்டும்.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசிகள். தேவரீருக்கு ஆயுளும் ஆரோக்கியமும் அரங்கன் குறைவின்றி அருளட்டும். மிச்சமிருந்தால் இந்தப் பக்கமும் கடாக்ஷிக்கட்டும்.

அடியேன்,
ஸௌம்யநாராயணன்

பின்குறிப்பு: சான்றிதழ் வேண்டாம். இப்போதுதான் தேர்வுப் பிரிவிலிருந்து ஷாஜியா என்ற அம்மாள் பேசினார். "வீடியோ பாத்துட்டோம் சார். நீங்க யாருகிட்டயும் பேசல, சாமிதான் கும்புட்டிருக்கீங்க. எங்க அத்தாவும் பிஸ்மி சொல்லாம எதையும் தொடங்க மாட்டாங்க. ஆனா உங்க லெட்டர் ஃபைல்ல உக்காந்திருக்கே! 'நான் எந்தத் தப்பும் செய்யல'ன்னு ஒரே வரி, உங்க மெயில்ல இருந்து அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க. முடிச்சு விட்டுடுறேன்" என்றார். நான்கு முறை தட்டச்சு செய்து நான்கு முறை அழித்துவிட்டேன். பெருமாள் பார்த்துக்கொண்டிருக்க, தப்பே செய்யாதவன் என்று எந்த வாயால் சொல்வது? மணி நாலே கால். ஆகையால் இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் வாட்ஸாப்பில் படமாக அனுப்புகிறேன். தேவரீரே அடியேன் பெயரில் மின்னஞ்சலுக்குள் நுழைந்து அந்த ஒரு வரியை எழுதி அனுப்பிவிட வேண்டும். கடவுச்சொல் மறுபக்கத்தில். சுபஸ்ரீ இதைச் செய்ய மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள். இதற்குப் பெயர்தான் ஆள்மாறாட்டமாம். இருக்கட்டும், அதற்கு விளக்கம் கேட்டால் அடியேனே எழுதிக்கொள்கிறேன்.