உள்ளே ஆள் இல்லை

பொறுப்பாளர் பச்சைப் பொத்தானை மறுபடியும் அழுத்தினார். நிலாக் கலம் "ம்ம்ம்" என்று முனகியது. இறக்கை அசையவில்லை.

"இறக்கை விரியலைன்னா இது விண்கலம் இல்ல சார், தண்ணித் தொட்டி," என்றார் துணை இயக்குநர். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தலைமை விருந்தினர் கிளம்பிட்டாங்களாம். ஏதாவது பண்ணுங்க."

ஏதாவது பண்ண வேண்டியவர் அந்த விண்வெளிக் காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர். பொறுப்பு முழுக்க அவருடையது. வேலைதான் இன்னும் அவருடையது ஆகவில்லை. தற்காலிகமாகச் சேர்ந்தபோது கறுகறுவென்று இருந்த மீசை பாதி வெளுத்தாயிற்று, நிரந்தர ஆணை மட்டும் வந்தபாடில்லை. கூடத்தில் எல்லோரும் அவரை 'டெம்பரரி' என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான்.

இன்றைக்கு அதற்கு ஒரு விடிவு. அடுத்தடுத்துப் புறப்படப் போகிற மூன்று விண்கலங்களின் முழு அளவு மாதிரிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. ஒன்று சூரியனைப் பார்க்க, ஒன்று பூமியைப் பார்க்க, ஒன்று நிலாவில் இறங்க. மேலே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பதாகை: 'ஆளில்லா விண்கலங்கள்'. நிஜக் கலங்களை அனுப்பப் போகும் திட்டத் தலைவரே வந்து திறந்துவைக்கிறார். "விழா மட்டும் நல்லபடியா முடியட்டும், உங்க ஆர்டர்ல அன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்," என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த இயக்குநருக்கு ஒரு பைத்தியம் உண்டு. நிஜ விண்கலம் கட்டும் அறையில் தூசி படக் கூடாது என்று தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொள்வார்கள். இங்கேயும் மாட்டியாக வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். தகரத்திலும் அட்டையிலும் செய்த மாதிரிக்குத் தூசி பட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று யார் கேட்பது? கண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாமல் எல்லோரும் பஞ்சு மூட்டை மாதிரி நடமாடினார்கள்.

டெம்பரரி தன் மச்சினனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி. அடுத்த தெருவில் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான்.

"மாப்ளே, உடனே வா. நிலாக் கலத்துல மோட்டார் மண்டையைப் போட்டுடுச்சு."

"வந்துட்டே இருக்கேன் மச்சான்."

அவன் 'வந்துட்டே இருக்கேன்' என்றால் இன்னும் செருப்பைத் தேட ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். டெம்பரரிக்கு அது தெரியும். இருந்தாலும் கிடங்குக்குப் போய் வெகுநேரம் குடைந்து, ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினார்.

என்ன ஆச்சரியம்! நிலாக் கலத்தின் முதுகில் இருந்த மூடி திறந்து கிடந்தது. அதற்குள் வெள்ளை உறை போட்ட இரண்டு கால்கள் மெல்ல இறங்கி மறைந்தன.

"பரவாயில்லையே, பயலுக்கு ரோஷம் வந்துடுச்சே!" என்று அவருக்கு மனசு குளிர்ந்துபோனது.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. வாசல் காவலாளி ஓடிவந்தார். "சார்! கார் வந்தாச்சு சார்!"

மோட்டாரைக் கழற்றிப் பார்க்க இனி ஏது நேரம்? டெம்பரரி சட்டென்று ஒரு முடிவுக்கு வந்தார். மூடியைச் சாத்தினார். ஸ்பேனரை வைத்துப் போல்ட்டுகளை முடுக்கினார்.

உள்ளேயிருந்து தகரத்தில் மோதி உருத்தெரியாமல் ஒரு குரல் வந்தது. "யோவ்! யாருய்யா அது? திறய்யா!"

"மச்சானையே யோவ்ங்கிற அளவுக்கு வளர்ந்துட்டியா?" டெம்பரரி காற்றுத் துளையில் வாயை வைத்தார். "சத்தம் போடாதே. சீஃப் கெஸ்ட் உள்ளே வந்தாச்சு. ஆளில்லா விண்கலத்துல ஆள் இருக்குன்னு தெரிஞ்சா மானம் கப்பலேறிடும். உன் மானமும் சேர்த்துத்தான்."

உள்ளே சத்தம் நின்றது.

"நல்லா கேட்டுக்கோ. சிவப்பு விளக்கு எரிஞ்சா நீ கையால இறக்கையைத் தள்ளணும். அணைஞ்சா இழுக்கணும். வாயைத் திறக்கவே கூடாது. 'சரி'ன்னா ஒரு தட்டு, 'இல்லை'ன்னா ரெண்டு தட்டு. புரிஞ்சுதா?"

டெம்பரரி துளையில் காதை வைத்தார்.

"டைரக்டருக்குப் பயப்படுறியா? அந்த ஆளை விடு. அவர் கையை வெச்ச எந்தப் பொருள் உருப்பட்டிருக்கு? இந்த ஓட்டை மோட்டாரே அவர் பேரம் பேசி வாங்கினதுதான். மோட்டார்னா என்ன, முறுக்குக்கம்பின்னா என்னன்னு தெரியாது, ஆனா எல்லாத்துக்குள்ளயும் தலையை விடுவார். புரிஞ்சுதா இல்லையா? தட்டித் தொலை!"

நெடுநேரம் கழித்து, மிக மெதுவாக, உள்ளே ஒரு தட்டு கேட்டது.

திட்டத் தலைவர் வந்தார். நரைத்த முடியைத் தூக்கிக் கட்டிய, அமைதியான அம்மா. வெள்ளை உடுப்பை நீட்டியதும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார்.

"உங்க இயக்குநர் எங்கே?"

"இங்கதான் எங்கேயாவது ஓடிட்டு இருப்பாரும்மா," என்றார் துணை இயக்குநர். "ஒரு இடத்துல நிக்க மாட்டார். இதோ வந்துடுவார்."

'மெதுவா வரட்டும்' என்று டெம்பரரி மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

அந்த அம்மா சூரியக் கலத்தின் முன்னால் நின்று எல்லோருக்கும் விளக்கினார். கண் சிமிட்டாமல் சூரியனையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலையாம். அங்கே சீற்றம் கிளம்பினால் நமக்கு முன்கூட்டியே தகவல் சொல்லுமாம். பூமிக் கலம் கடலையும் மண்ணின் ஈரத்தையும் பனியையும் அளந்துகொண்டே சுற்றுமாம். "நிலாக் கலம்தான் என் செல்லம்," என்றார். "வெயிலே படாத பள்ளத்துப் பக்கம் இறங்கி, பனிக்கட்டி இருக்கான்னு தேடப்போகுது. இறக்கை விரியுமாமே, பார்க்கலாமா?"

டெம்பரரி பொத்தானை அழுத்தினார். உள்ளே விளக்கு எரிந்திருக்க வேண்டும். இறக்கை இழுத்து இழுத்து, முக்கி முனகி, ஒருவழியாக விரிந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அருமை! இன்னொரு தடவை," என்றார் அந்த அம்மா.

மூடினார், திறந்தார். அந்த அம்மா மறுபடியும் கேட்டார், இவர் மறுபடியும் மூடினார், திறந்தார். உள்ளே மூச்சு வாங்கும் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று டெம்பரரி உரக்க இருமினார். அதனால் ஒன்றும் பலனில்லை. கலத்துக்குள் கிடந்த தூசி தன் வேலையைக் காட்டிவிட்டது.

"ஹ்ஹ்ஹச்ச்!"

எல்லோரும் கலத்தின் பக்கம் திரும்பினார்கள்.

"அது என்ன சத்தம்?" என்றார் அந்த அம்மா.

"அது... நிலாவோட சத்தம்மா. பதிவு பண்ணி வெச்சிருக்கோம்."

"நிலாவுல காத்தே கிடையாதே. சத்தம் எப்படி வரும்?"

டெம்பரரிக்கு முகம் வேர்த்துக் கொட்டியது. "அங்கே வராதும்மா. அதான் இங்கேயே வெச்சிருக்கோம்."

இது என்ன பதில் என்று அவருக்கே புரியவில்லை. அந்த அம்மா அவரை உற்றுப் பார்த்தார். இந்த ஓட்டையை அடைக்காவிட்டால் கதை கந்தலாகிவிடும் என்று டெம்பரரி இன்னொரு ஓட்டை போட்டார்.

"உண்மையில அது பிள்ளைங்களுக்காகம்மா. கேள்வி கேட்டா கலம் பதில் சொல்லும். ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு. தும்மினது... கேள்விக்குத் தயார்னு அர்த்தம்."

துணை இயக்குநர் கண்ணை அகல விரித்தார். இது அவருக்கே புதுச் செய்தி.

"அப்படியா!" அந்த அம்மா குழந்தை மாதிரி கலத்தின் பக்கம் குனிந்தார். "நீ நிலாவுல போய்ப் பனிக்கட்டி தேடுவியா?"

டொக்.

"பயமா இருக்கா?"

கொஞ்சம் யோசித்து, டொக்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவின் கண்ணில் குறும்பு வந்தது. "சரி, கடைசிக் கேள்வி. உனக்குள்ளே ஆள் யாராவது இருக்காங்களா?"

டெம்பரரி கண்ணை மூடிக்கொண்டார்.

டொக். டொக்.

"பாருங்க, இல்லையாம்!" என்று அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மச்சினன் இவ்வளவு சமயோசிதக்காரன் என்று டெம்பரரிக்கு இதுவரை தெரியாது. கூட்டம் பூமிக் கலத்தின் பக்கம் நகர்ந்ததும் காற்றுத் துளைக்கு ஓடினார்.

"பின்னிட்டே மாப்ளே! இன்னும் கொஞ்ச நேரம்தான். டைரக்டர் வரதுக்குள்ள முடிஞ்சிடும். வந்தார்னா மைக்கைப் பிடிச்சு அறுத்துத் தள்ளிடுவார். அவர் எழுதின வரவேற்புரையைப் பார்த்தேன், சூரியனே அணைஞ்சுபோற மாதிரி நீளம். நான் அதை எடுத்துக் குப்பையில போட்டுட்டேன்."

டம்! டம்! உள்ளே யாரோ காலால் உதைத்தது போல இரண்டு அடி விழுந்தது.

"என்ன, இல்லைங்கிற? அட, சத்தியமாப் போட்டுட்டேன்டா!"

அதற்குள் அந்த அம்மா திரும்பி வந்துவிட்டார்.

"எங்க வண்டி ஒண்ணு ஊர் ஊரா பள்ளிக்கூடங்களுக்குப் போகுது. நாளைக்கே கிளம்புது. இந்த நிலாக் கலத்தைக் கொடுப்பீங்களா? இப்படிப் பதில் சொல்ற கலத்தை நான் எங்கேயுமே பார்த்ததில்லை."

"தாராளமா! இப்பவே ஏத்திடலாம்," என்றார் துணை இயக்குநர். கையைச் சொடுக்கியதும் சுமை தூக்குகிறவர்கள் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார்கள்.

"இப்பவே வேண்டாம் சார்," என்று டெம்பரரி குறுக்கே விழுந்தார். "இன்னும்... பெயின்ட் காயலை."

துணை இயக்குநர் விரலால் தடவிப் பார்த்தார். "நல்லா காய்ஞ்சிருக்கே. ம், தூக்குங்கப்பா!"

கலம் சாய்ந்தது. உள்ளே ஏதோ உருண்டு போய் 'தொம்' என்று முட்டியது. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்கள்.

"என்ன கனம் கனக்குது!" என்றார் ஒருவர். "தலைகீழாப் புரட்டித்தான் வாசல் தாண்டணும்."

தலைகீழாகவா? டெம்பரரி தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டார். வேலை, ஆணை, இத்தனை வருஷக் காத்திருப்பு எல்லாம் கண்முன் வந்தது. கூடவே, கழுத்தில் கட்டுப்போட்டுக்கொண்டு மச்சினனும், அவன் பக்கத்தில் நின்று தன்னை முறைக்கும் மனைவியும் வந்தார்கள். பாவம், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தவன். இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் தனக்காகக் கஷ்டப்படுகிறான். அவனைவிட இந்த வேலை பெரிசா?

"இறக்குங்க!" என்று கத்தினார். "அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. உள்ளே ஆள் இருக்கு."

தூக்கியவர்கள் கலத்தை அவசரமாகக் கீழே வைத்தார்கள்.

"என் மச்சினன்மா. மோட்டார் ஓடலை. அவனை உள்ளே வெச்சு நான்தான் மூடினேன். தள்ளினதும் அவன்தான், தட்டினதும் அவன்தான். தப்பு முழுக்க என்னோடது. அவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

துணை இயக்குநரின் கண் சிவந்தது. "உங்களை..." என்று ஆரம்பித்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தும்மின உடனேயே தெரியும்," என்றார். "எவ்வளவு தூரம் போறீங்கன்னு பார்த்தேன்." சிரிப்பு அவருக்கு அடங்கவில்லை. "சோதனையில எங்க நிஜக் கலத்துக்கும் இதே கோளாறுதான், இறக்கை விரியலை. நாங்க உள்ளே மச்சினனை அனுப்ப முடியாம எத்தனை நாள் தூங்காம இருந்தோம் தெரியுமா?"

டெம்பரரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"வேலை போனாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கிறவருக்கு அடிபடக் கூடாதுன்னு நினைச்சீங்க பாருங்க, அந்த மனசு போதும். உங்க இயக்குநர்கிட்ட நானே பேசறேன். உங்களை நிரந்தரமாக்கச் சொல்றேன்." அந்த அம்மா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "ஆனா இங்கே நடந்தது எதுவும் அவர் காதுக்குப் போகக் கூடாது. சரியா?"

"போகவே போகாதும்மா!" என்று டெம்பரரி கும்பிட்டார். கண் கலங்கிவிட்டது. ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டைத் திருகினார். "மாப்ளே, கேட்டியாடா? பிழைச்சோம்டா!"

கலம் மூச்சே விடவில்லை.

அப்போது வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் புது மோட்டாரோடு, வேர்த்து விறுவிறுத்து, மச்சினன் உள்ளே வந்தான்.

"கோவிச்சுக்காதீங்க மச்சான், நீங்க கிடங்குல இருந்தப்பவே வந்தேன், புது மோட்டார் எடுத்துட்டு வரக் கடைக்குத் திரும்ப ஓட வேண்டியதாப் போச்சு, அதுவரைக்கும் நானே உள்ளே இறங்கிப் பார்க்கிறேன்னு உங்க டைரக்டர் சொன்னாரே, வெளியே வந்துட்டாரா?"