பேராசிரியரின் உயிர்ப் படம்

"படத்துல படமே இல்லையேம்மா," என்றார் ஆபரேட்டர்.

திரையிடலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். வெறும் வெள்ளை வெளிச்சம், நாலு கீறல், கொஞ்சம் தூசி.

படங்களைத் தேர்ந்தெடுத்துத் திரையிடுவதற்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதைத்தான் படிக்கிறாள். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே எம்.ஏ. "படம் பாக்க ரெண்டு வருஷப் படிப்பா? நான் படிக்காமயே பாக்கறேனே," என்ற அப்பா வைத்தது. இன்று கடைசித் தேர்வு. ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, ஆள் சேர்த்து, முன்னுரை பேசிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் இன்னொரு வருஷம். அப்பா அதற்குச் சத்தியமாக விடமாட்டார்.

அவள் தேர்ந்தெடுத்தது பேராசிரியரின் உயிர்ப் படம். வாலிபத்தில் ஒரே ஒரு தடவை பார்த்தாராம். வகுப்பில் அந்தப் பேச்சை எடுத்தாலே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "அதச் சொல்ல முடியாது. பாக்கணும்," என்பார். இருப்பது ஒரே பிரதி, அதுவும் திரைப்படக் காப்பகத்தில். அங்கே பட்டியலில் ஒரே வரி: 'ஒரு பெண் ஜன்னலைத் திறக்கிறாள். மௌனப் படம். பன்னிரண்டு நிமிடம்.' அந்த வரியை வைத்தே எம்.ஏ. இருபது பக்கம் எழுதித் தள்ளியிருந்தாள். படத்தைப் பார்க்கவில்லை என்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

பட டப்பாவை அனுப்பிய காப்பகத்துக்கு போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. 'டப்பாவில் படம் இல்லை, உடனே கூப்பிடுங்கள்' என்று செய்தி அனுப்பினாள்.

"பழசுல்ல, அழிஞ்சு போயிருக்கும்," என்றார் ஆபரேட்டர். "வேற படம் போட்ரலாமா?"

"சார் இதுக்குன்னே வர்றாரு. மாத்தினா என் கதை முடிஞ்சுது."

"இது ஆறு நிமிஷம்தான் ஓடுது."

"பாதி வேகத்துல ஓட்டுங்கண்ணே."

பேராசிரியரும், ஆள் கணக்குக்காக அவள் கூட்டிவந்த அப்பாவும் சித்தியும் மற்றவர்களும் வந்து உட்கார்ந்ததும், முன்னுரையில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்: "ஜன்னலத் தேடாதீங்க. அது தானாத் திறக்கும்."

விளக்கு அணைந்தது. முதல் நிமிடம் இருமல். இரண்டாம் நிமிடம், "மெஷின் ரிப்பேராடி?" என்று சித்தி காதைக் கடித்தாள். மூன்றாம் நிமிடத்துக்கு மேல் சத்தமே இல்லை. கீறல்கள் நிதானமாக நடுங்கின. தூசி மெல்ல இறங்கியது. எம்.ஏ.வே ஒரு கட்டத்தில் தேர்வை மறந்து வாயைப் பிளந்து பார்த்தாள். ஒன்றுமில்லாத வெளிச்சம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

விளக்கு போட்ட பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"கடைசில திறந்துச்சு பாத்தியா, வலது பக்கம்," என்றார் அப்பா, திரையைக் கைகாட்டி.

"இடது பக்கம் மாமா," என்றாள் சித்தி.

பேராசிரியர் கன்னம் நனைந்து வந்து நின்றார். "ஒரு புள்ளி மாறலம்மா. முப்பது வருஷத்துக்கு முன்னாடி பாத்தது அப்படியே இருக்கு. அன்னிக்குக் கொஞ்சம் வேகமா ஓட்டிட்டாங்க, இன்னிக்குத்தான் சரியான வேகம். நூத்துக்கு நூறு. அடுத்த மாசம் பெரிய விழாவுல நீயே இதப் போடற."

எம்.ஏ.வுக்குப் பகீரென்றது. அழிந்துபோன படத்தைக் காட்டி, பாவம், இந்த நல்ல மனுஷனை ஏமாற்றிவிட்டோமே. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். போன் அடித்தது. காப்பகத்துக் குமாஸ்தா.

"மன்னிச்சுக்கம்மா. டப்பாவுல இருக்கறது மெஷினத் தொடைக்க ஓட்டற வெத்து ஃபிலிம். படம் பத்திரமா இங்கதான் இருக்கு. நான் வேலைக்குச் சேந்த புதுசுல டப்பா மாறிப்போச்சு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு வாலிபர் வாங்கிட்டுப் போனாரு, கண்ணத் தொடச்சுக்கிட்டே திருப்பிக் கொடுத்தாரு. அவரே ஒண்ணும் குறை சொல்லலையேன்னு நானும் அப்படியே விட்டுட்டேன்."