சுந்தரத்தாரின் ஈத்தூண்டில்

1977ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குடியேறி வந்த ஸ்ட்ராத்ஃபீல்டில், வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் கல்யாணசுந்தரம் கலகக் கொடியை ஏற்றினார்.

"நான் மலைக்குப் போறன். தனிய. அஞ்சு நாள். ஆர் மறிச்சாலும் நிக்கமாட்டன்!"

ஒருவரும் மறிக்கவில்லை. மனைவி இரஞ்சிதம் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.

சுந்தரத்தாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சொன்னதற்கு எதிராகச் செய்வது அவருக்குப் பிறவிக் குணம். குடை கொண்டு போங்கோ என்றால் தொப்பலாய் நனைந்து வருவார். கோப்பி சுடுது என்றால் மடக்கென்று குடித்து நாக்கைப் பொசுக்குவார். வீட்டுக்குத் தானே ராசா என்று காட்ட அவருக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

"மலையில என்ன அலுவல்?"

"மீன் பிடிக்க. புறூக் ட்ரவுட். வளத்து விடுற மீனில்லை, ஓடையில தன்பாட்டில பிறந்து வளந்த காட்டு மீன். கூடாரத்தை முதுகில சுமந்து நடந்து போய்த்தான் பிடிக்கவேணும். புழு இல்லை, ஃப்ளை போட்டு."

"ஃப்ளை எண்டால்?"

"ஈ. இறகிலயும் நூலிலயும் செய்த பொய் ஈ."

"ஈ ஓட்டவோ முந்நூறு மைல் போறியள்? அதைக் கந்தோரில வேலை நேரத்திலயே செய்யிறியள்தானே!"

சுந்தரத்தார் உள்ளூர மகிழ்ந்தார். அப்பாடா, சண்டை தொடங்கிவிட்டது! கையைக் கழுவி, வரிந்து கட்டிக்கொண்டு வந்தார். அவளோ, "நல்லது, கட்டாயம் போங்கோ" என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

ஒக்டோபரின் மூன்று நாள் வாரக்கடைசி விடுமுறையோடு இரண்டு நாள் லீவும் எடுத்தாயிற்று. முதுகுப்பை பார்த்து வாங்கியது இரஞ்சிதம். பருத்தித்துறை வடை சுட்டு தகர ரின்னில் அடைத்ததும் இரஞ்சிதம். பின்வளவில் உடுப்புக் காயும் கம்பியடியில் சுந்தரத்தார் தூண்டில் வீசிப் பழகியபோது, கதிரை போட்டிருந்து நூலகப் புத்தகத்தை உரக்க வாசித்ததும் அவள்தான்.

"மணிக்கட்டை மடக்காதேங்கோ எண்டு போட்டிருக்கு."

உடனே மடக்கினார். ஈ போய்க் கம்பியில் காய்ந்த சேலையில் கொளுவியது. அடுத்த வீச்சில் அவருடைய காதிலேயே கொளுவியது. இரண்டையும் கழற்றிவிட்டதும் அவள்தான்.

மூன்றாம் வாரம் சுந்தரத்தாருக்குச் சந்தேகம் பிடித்தது.

"அஞ்சு நாள் காணுமே? ஏழு நாள் நிண்டு வாங்கோவன்" என்றாள் ஒருநாள். மறுநாள், "மழை வந்தாலும் பாதியில திரும்பாதேங்கோ" என்றாள். புறப்பட இரண்டு நாள் இருக்கையில், அடுத்த தெரு விமலாதேவியோடு டெலிபோனில் பேசியது அவர் காதில் விழுந்தது.

"ஓம் விமலா, வெள்ளி காலமை அவர் வெளிக்கிட்டிடுவார். பிறகென்ன, எங்கட ராச்சியம்தான்!"

சிரிப்பு வேறு. சுந்தரத்தாருக்கு உச்சி பற்றி எரிந்தது.

"நான் போகேல்லை!"

"ஐயோ, லீவும் எடுத்தாச்சே!"

"லீவை வீட்டில இருந்தே கழிப்பன். அஞ்சு நாளும் இந்தப் படலையைத் தாண்டமாட்டன். சத்தியம்!"

"சத்தியம் பண்ணாதேங்கோ. பிள்ளையளுக்கு முன்னால வேண்டாம்."

உடனே பிள்ளைகள் இரண்டையும் கூப்பிட்டு, அவர்கள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். இரஞ்சிதம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அழட்டும் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடியக் காலை ஹோர்ன் சத்தத்தில் கண் விழித்தார். முன்வாசலில் இரஞ்சிதம் நின்றாள். காலில் சப்பாத்து, முதுகில் அந்த முதுகுப்பை, கையில் தூண்டில். தெருவில் விமலாதேவி காரை முடுக்கியபடி காத்திருந்தாள்.

"எங்க போறாய்?"

"மலைக்கு. வாங்கின சாமான் வீணாப் போகப்படாதெல்லே? விமலான்ர பிள்ளையள் மூண்டும் இஞ்சதான் நிப்பினம். இடியப்பம் எண்டால் சாப்பிடுவினம்."

தலையணையும் கையுமாக மூன்று பேர் உள்ளே வந்தார்கள்.

"நில்லு, நானும் வாறன்!"

"யூ ப்ரொமிஸ்ட், அப்பா!" என்றாள் மூத்தவள், தன் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

அஞ்சு நாள், அஞ்சு பிள்ளைகள். இடியப்பம் பிழிந்து சுந்தரத்தாரின் மணிக்கட்டு தானாகவே மடங்காமல் நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரஞ்சிதம் வந்திறங்கினாள். மூக்கு வெயிலில் கறுத்து, தலைமயிர் விறகுப்புகை மணத்தது. ஐஸ் பெட்டியைத் திறந்தாள். வயிறு சிவந்து, மேலெல்லாம் புள்ளி போட்ட நாலு ட்ரவுட்.

சுந்தரத்தாரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எப்பிடியப்பா பிடிச்சனீ?"

"பெரிய வித்தையில்லை. கொளுவினவுடன அது எதிர்ப்பக்கமா இழுக்கும். மறிக்கப்படாது, நூலை விட்டுக் குடுக்கவேணும். தான்தான் வெல்லுறன் எண்டு நினைச்சு நினைச்சே கரைக்கு வந்திடும்" என்றாள் இரஞ்சிதம். "எனக்கு அது பதினொரு வருஷப் பழக்கம்."